பதினொன்றில் வைத்த பிரஷர்

நைனா, அதாவது என் அப்பா, ஓட்டிய கம்பெனி பஸ் சத்தியவேடு சாலையில் மணல் குவியல் மேல் ஏறி நின்றபோது, உள்ளே முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நைனா உட்பட.

காலை ஆறே முக்கால் மணி. ஸ்ரீசிட்டியில் செல்போனுக்கு ஏதோ ஒரு பாகம் செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள். மணல், சாலை போடுவதற்காகக் கொட்டியது. கொட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. சாலையைச் சொன்ன தேதியில் போட்டிருந்தால் பஸ் நேராகப் பக்கத்து ஏரிக்குள் போயிருக்கும் என்று வீட்டில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பஸ்ஸின் சொந்தக்காரர் திருமலை. மறுநாளே வந்து வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றபடி பேசினார்.

"முனுசாமி, பன்னெண்டு வருசமா ஓட்டற. ஒன்ன வோணாம்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. ஆனா கம்பெனிக்காரன் டாக்டர் லெட்டர் கேக்கறான். இந்த ஆளு ஸ்டியரிங்ல தூங்கமாட்டான்னு எழுதி வாங்கினு வா. வர்ற மாசம் முடியற வரைக்கும் ஸ்பேர் டிரைவர வெச்சி ஓட்டிக்கறேன். அதுக்குள்ள வர்லன்னா நிதினுக்குக் குடுத்துடுவேன். அப்பறம் என் மேல வருத்தப்படக்கூடாது."

நிதின், திருமலையின் மச்சான் மகன். இருபத்துநாலு வயது. லைசென்ஸ் புதிது, கூலிங் கிளாஸ் பழையது.

"நான் தூங்கலண்ணா, கண்ணு அசந்துச்சி, அவ்ளோதான்" என்றார் நைனா.

"கண்ணு மட்டும் அசந்தா பரவால்லப்பா. பஸ்ஸும்ல அசந்துச்சி" என்று சொல்லிவிட்டுத் திருமலை கிளம்பினார்.

எங்கள் வீடு நகரியில், அதாவது சித்தூர் மாவட்டத்தில். தூக்கத்தைப் பரிசோதிக்கும் ஆஸ்பத்திரி திருப்பதியில், அதாவது திருப்பதி மாவட்டத்தில். மாவட்டத்தைப் பிரித்ததில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே பலன், நைனா ஒரு மாவட்டத்தில் விழித்து இன்னொரு மாவட்டத்தில் தூங்கியதுதான். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். முடிவு வந்தது: மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி அவரை அரைகுறையாக எழுப்புகிறது. அவருக்கு அது தெரியாது. தூங்கிய நேரம் முழுக்க விழித்தவர் எழுந்ததும் பஸ் ஓட்டப் போகிறார்.

டாக்டர் ஸ்வர்ணலதா நைனாவின் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். அவர் பேசுவது தெலுங்கு. எங்களுக்குத் தெலுங்கு பிரச்சினை இல்லை. அம்மா காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதே தெலுங்கில்தான், திட்டுவது மட்டும் தமிழில்.

"பிரஷர் சால எக்குவகா உந்தி. தக்கிஞ்சாலி" என்றார் டாக்டர். ரொம்ப அதிகமாக இருக்கிறது, குறைக்க வேண்டும். உப்பைக் குறை, ஊறுகாயை விடு, எடையை இறக்கு. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு பக்கத்து அறையில் சபீனா அக்கா, நைனா மாட்டிக்கொண்டு தூங்க வேண்டிய மிஷினைக் காட்டினாள். புத்தூர்ப் பெண், தூக்கப் பரிசோதனைக் கூடத்தின் டெக்னீஷியன். எந்நேரமும் கொட்டாவியை அடக்கியபடியே பேசுவாள். ஊர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை; அவள் தூங்குவதைப் பார்க்க யாரும் இல்லை.

"தூங்கறப்போ தொண்டைல சத தளந்து மூச்சுவழிய அடைக்குது. இந்த மிஷின் மாஸ்க் வழியா காத்த ஊதி அத்த தெறந்தே வெச்சிருக்கும். எவ்ளோ வேகத்துல ஊதணும்ங்கறதுதான் பிரஷர். கம்மியா வெச்சா அடைச்சிக்கும். ஜாஸ்தியா வெச்சா மூஞ்சில ஃபேன் கட்னாப்பல இருக்கும், தூங்க முடியாது. ஆறுல ஆரம்பிப்போம். மெதுவா ஏத்துவோம்."

"ஆறு இன்னாத்துல?" என்று கேட்டேன்.

"சென்டிமீட்டர் தண்ணி."

அம்மா திடுக்கிட்டாள். "மூக்குல தண்ணி ஏறுமா?"

"அளவுதாம்மா அது. தண்ணி கிண்ணி ஒண்ணும் கெடையாது."

அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. சபீனா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு பட்டன்களைச் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் உள் மெனு திறக்கும் என்று காட்டிக்கொடுத்தாள். "நகரியிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் இவர இட்டுக்கினு வரமுடியாது. டெய்லி மிஷின் காட்டற நம்பர போட்டோ எடுத்து அனுப்பு. நான் போன்ல சொல்றேன், நீ மாத்து. டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கினு திரியாத." புத்தூர் காலேஜில் பி.காம். மூன்றாம் வருடம் படிக்கும் நான், அன்று முதல் எங்கள் தெருவின் சுவாச நிபுணன் ஆனேன்.

வேலை இல்லாத அந்த மாதத்திலும் நைனா இரவு ஷிப்டை விடவில்லை. ராத்திரி முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் டி.வி. பார்ப்பார். "ட்யூட்டி பயக்கம் கெட்டுடக்கூடாது" என்பார். காலை பத்து மணிக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுப்பார். அவர் விழித்திருக்கும்போது நாங்கள் தூங்க முடியாது, அவர் தூங்கும்போது நாங்கள் சத்தம் போடக் கூடாது. பக்கத்து வீட்டில் நாலு பவர்லூம் தறி, டடக் டடக் என்று ஓடும். அது நிற்பது கரண்ட் போகும்போது மட்டும்தான். கரண்ட் போனால் மிஷினும் நிற்கும். மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு நைனா மூச்சு வாங்க எழுந்து உட்காருவார். எங்கள் பேட்டையில் நிசப்தம் என்றால் யாரோ ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

நாலாம் நாள் சபீனா அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இருவத்தெட்டு தடவ நிக்குது பரணி. பிரஷர ஏத்தணும். எட்டுல வெய்யி."

தறிப் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா ராட்டையை நிறுத்தினாள். "ஏத்தணுமா? எறக்கணுமா?"

"ஏத்தணும்மா" என்றது போன்.

இரண்டு பட்டனையும் அழுத்தி எட்டில் வைத்தேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எட்டாம் நாள் பதினைந்து தடவை. பத்தில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் பதினொன்றில் வைத்தேன். அடுத்த நாள் மிஷின் காட்டிய எண் மூன்று. மணிக்கு நாற்பத்திரண்டிலிருந்து மூன்று. அன்று சாயங்காலம் நைனா தானாகவே எழுந்து, தானாகவே ஷேவ் செய்துகொண்டார். என்னிடம் காலேஜில் என்ன பாடம் என்று கேட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை. நான் பதற்றத்தில் எல்லாப் பாடத்தையும் சொன்னேன்.

"இனிமே தொடாத, போட்டோவும் வோணாம். அப்டியே ஓடட்டும். முப்பதாம் நாளு மிஷின் கார்ட எடுத்துக்கினு வாங்க" என்றாள் சபீனா அக்கா. எனக்குப் பரீட்சை வந்தது. நான் மிஷினையும் பார்க்கவில்லை, நைனாவையும் பார்க்கவில்லை. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

முப்பதாம் நாள் நாங்கள் மூவரும் திருப்பதி பஸ் ஏறினோம். மறுநாள் ஒன்றாம் தேதி. லெட்டர் இன்றைக்குள் வந்தாக வேண்டும். நைனா இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை அணிந்திருந்தார், லெட்டர் கைக்கு வந்ததும் அப்படியே பஸ்ஸில் ஏறிவிடுகிறவர் போல. முந்தின ராத்திரி டி.வி. பார்க்காமல் மாஸ்க் மாட்டித் தூங்கியும், புத்தூர் தாண்டும் முன்பே அவர் தலை என் தோளில் விழுந்தது. வடமாலைப்பேட்டையில் குறட்டை ஆரம்பித்தது. முன் சீட்டில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்து அழுதது. நான் தோளைக் குலுக்கினேன்.

"முழிச்சிக்கினுதாண்டா கீறேன்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

சபீனா அக்கா கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினாள். முதலில் சிரித்தாள். "சூப்பர். முப்பதுல இருவத்தேழு நாளு மாட்டியிருக்காரு. நாலு மணி நேரத்துக்கு மேலயே." பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனாள். சிரிப்பு நின்றது. கொட்டாவியும் நின்றது.

"பரணி, பிரஷர யாரு மாத்தனது?"

"நீங்க சொன்னப்போ நான் மாத்தனேன்."

"நான் பதினொண்ணு சொன்னேன். பதினாலாம் நாளு பத்து. பதினேழு, ஒம்போது. இருவதாம் நாளு எட்டு. இப்போ ஆறுல நிக்குது. மூச்சு மறுபடியும் முப்பத்தஞ்சு தடவ நிக்குது." அவள் நாற்காலியைத் திருப்பினாள். "காலேஜ் புள்ளன்னு நம்பி மெனுவ காட்டனேன். வெளாட்றியா? என் வேல போயிடும்டா."

"நான் தொடவே இல்லக்கா."

"நைனா, நீங்களா?"

"எனக்கு அந்த பட்டனே தெரியாதும்மா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வீட்டில் எது உடைந்தாலும் என்னைப் பார்ப்பது வழக்கம் என்பதால் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

"நான்தான் எறக்கனேன்" என்றாள் அம்மா.

குரலில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. கடமையைச் செய்தவள் கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

"நீயா?" என்றார் நைனா.

"பின்ன? டாக்டரம்மா எதிர்லயே குந்திக்கினு இன்னா சொன்னாங்க? பிரஷர் ஜாஸ்தியா கீது, தக்கிஞ்சாலின்னு சொன்னாங்களா இல்லியா? நானும் உப்ப கொறச்சேன், ஊறுகா பாட்டில தூக்கி பக்கத்து வூட்டு பத்மாவதி அக்காகிட்ட குடுத்தேன். இந்தப் பொண்ணு போன்ல ஏத்து ஏத்துங்குது. இவன் ஏத்திக்கினே கீறான். பதினொண்ணு! படிச்ச டாக்டரம்மா பெருசா, காத்து மிஷின் பொண்ணு பெருசா? பிரஷர் ஏறித்தானே எங்க பெரியப்பா கை கால் இழுத்துக்கினு கெடந்தாரு? நாளிக்கி கம்பெனிக்காரன் பேப்பர்ல பிரஷர் பதினொண்ணுன்னு பாத்தா வேல குடுப்பானா?"

அவள் சொன்னதில் எந்தப் படியிலும் ஓட்டை இல்லை. எங்கள் ஊரில் பிரஷர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அது ஏறினால் ஆள் விழுவான். இரண்டாவது அர்த்தம் ஒன்று இருக்கிறது என்று முப்பது நாளில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய நிபுணன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

"அப்போ ஒரே நாள்ல ஆறுக்கு கொண்டாந்திருக்கலாமே, ஏன் ஒண்ணொண்ணா?" என்று கேட்டாள் சபீனா அக்கா. கோபம் போய் அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒரேயடியா எறக்கனா மயக்கம் வரும்ல?"

சபீனா அக்கா நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பிரஷரும் வேறு வேறு என்று விளக்கினாள். ஒன்று ரத்தத்தில், ஒன்று காற்றில். ஒன்றைக் குறைக்க வேண்டும், இன்னொன்றைக் குறைக்கவே கூடாது. அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "அப்போ ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். சபீனா அக்கா கார்டைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவினாள்.

டாக்டர் ஸ்வர்ணலதாவின் அறைக்குப் போகும் முன் வராந்தாவில் நைனா என் கையைப் பிடித்தார். "லெட்டர்ல மாஸ்க்க மாட்டனனா இல்லியான்னுதான் கேக்கறாங்க. இருவத்தேழு நாளு மாட்டியிருக்கேன். மிச்சத்த இன்னிக்கே பதினொண்ணுல வெச்சிக்கலாம். உள்ள போயி நீ வாயத் தொறக்காத. ஒன் வாயி நல்ல வாயி இல்ல."

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். அம்மா குறைத்த கதையை சபீனா அக்கா தெலுங்கில் தணிந்த குரலில் சொன்னாள். டாக்டர் அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தப்பு நாதி" என்றார். தப்பு என்னுடையது. அம்மா அதை மறுக்கவில்லை.

பிறகு கம்பெனியின் படிவத்தை எடுத்தார். மிஷின் பயன்படுத்தினாரா: ஆமாம் என்று டிக் அடித்தார். நைனாவின் முதுகு நிமிர்ந்தது. அடுத்த கேள்வி, பகலில் தூக்கம் வருகிறதா. நோயாளியையும் வீட்டாரையும் கேட்டு எழுத வேண்டும்.

"பகலு நித்ர வஸ்துந்தா?" என்று கேட்டார்.

"லேது மேடம்" என்றார் நைனா. இல்லையாம்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "லேதம்மா" என்றாள் அம்மா, நைனாவைப் பார்க்காமல்.

டாக்டர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தார். வைத்தவர் எழுதாமல் என் பக்கம் திரும்பினார். "நுவ்வு செப்பு பாபு. இவத்தி வச்சேட்டப்புடு மீ நான்ன நித்ரபோயாடா?" இன்று வரும்போது உங்கள் அப்பா தூங்கினாரா?

எந்தக் கேள்விக்கும் என்னிடம் மூன்று பதில் இருக்கும், மூன்றும் யாராவது ஒருவரைக் கடுப்பேற்றும். அன்று ஒன்றுகூட வரவில்லை. நைனாவின் காக்கிச் சட்டையின் இஸ்திரி மடிப்பு தெரிந்தது. மணல் குவியல் எல்லா ஊரிலும் இருக்காது என்பதும் தெரிந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தி யாமினி, எங்கள் தெருமுனைப் பெண், என்னோடு பத்தாவது படித்தவள். அந்தக் காலையில் மணல் மேல் பஸ் நின்ற பிறகும் எழாமல், ஸ்டாப் வந்துவிட்டதா என்று தூக்கத்திலேயே கேட்டாளாம்.

"புத்தூர்லேர்ந்து ரேணிகுண்டா வரைக்கும் தூங்கனாரு மேடம்" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம்" என்றார் டாக்டர் தெலுங்கில். பதினொன்றில் வைத்து, யாரும் தொடாமல், இரண்டு வாரம். அதற்குப் பிறகு பகல் தூக்கம் இல்லையென்றால் கையெழுத்து. இன்றைக்கு முடியாது. "இப்போது கூடம் காலியாக இருக்கிறது. மத்தியானம் படுக்க வைத்துப் பார், பதினொன்றே போதுமா என்று" என்று சபீனா அக்காவிடம் சொன்னார்.

உலகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிற மனிதர், தூங்கு என்று சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்ததும் தூங்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தன. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் சபீனா அக்காவும் உட்கார்ந்திருந்தோம். அரை மணி போனது. ஒரு மணி போனது. சபீனா அக்கா மைக்கில், "கண்ண மூடிக்கோங்க நைனா" என்றாள்.

"நிதினு பஸ்ல ஏறிட்டான்னு நெனச்சா எப்டிம்மா மூடறது?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீங்க இத்த சொல்லி முடிச்சதும் மூடுங்க."

இரண்டரை மணிக்கு மூடினார். ஐந்து நிமிடத்தில் குறட்டை வந்தது. திரையில் ஒரு கோடு அலை அலையாக ஓடியது. அது மூச்சு. பிரஷர் ஆறில் இருந்தது, அம்மா வைத்த இடத்தில். அலை சின்னதாகி, சின்னதாகி, கோடு தட்டையானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நைனாவின் வயிறு ஏறி இறங்கியது, காற்று மட்டும் போகவில்லை. பத்து விநாடி. பதினைந்து. இருபத்திரண்டு.

"எழுப்பலாமாக்கா?"

"இரு. அவரே வருவாரு."

உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு பெரிய சீறல். கோடு மறுபடியும் அலையானது. அரை நிமிடம் கழித்து மறுபடியும் தட்டை.

அம்மா திரையையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நான் வெச்ச நம்பரா?"

சபீனா அக்கா பதில் சொல்லாமல் ஏழில் வைத்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். எட்டு. தட்டைகள் குட்டையாயின. ஒன்பதில் மூச்சு நிற்கவில்லை, ஆனால் அலையின் தலை நசுங்கியிருந்தது. அதுதான் குறட்டை என்றாள். பத்து. ஒவ்வொரு எண்ணையும் தட்டிவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். விட்டால், தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பதினொன்று. குறட்டை நின்றது.

அம்மா சட்டென்று எழுந்தாள். "இன்னாடி, சத்தமே காணோம்?"

"நல்லா தூங்கறாரும்மா. அதான்."

அம்மா நம்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். இருபத்தைந்து வருடமாகக் குறட்டை கேட்டால்தான் அவளுக்கு அவர் இருக்கிறார் என்று அர்த்தம். கட்டில் பக்கத்தில் நின்று அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை ஏறியது, இறங்கியது. திரையில் கோடும் அதே கணத்தில் ஏறியது, இறங்கியது. அவள் கையை எடுக்காமல் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிவிட்டாள். அவளுக்கு ஒயர் எதுவும் இல்லாததால் அவள் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்கு நைனா எழுந்தார். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"லைட்டு ஏதாச்சும் மாத்தனீங்களா?"

"இல்லியே. ஏன்?" என்றாள் சபீனா அக்கா.

"எல்லாம் பளிச்சினு கீது." கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். "இத்தினி வருசமா நான் முழிச்சிக்கினு கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சபீனா அக்கா அதை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று நைனா திருமலைக்குப் போன் போட்டார். திருமலை காது கேட்காதவர் மாதிரி சத்தமாகப் பேசுவார் என்பதால் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"இன்னா முனுசாமி, லெட்டர் ஆச்சா?"

"ஆவலண்ணா. ரெண்டு வாரம் ஆவும்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டு வாரமா? எனக்குக் கம்பெனில பதில் சொல்லணும்பா. ரெண்டு வாரம் கயிச்சி கரெக்டா வரும்னு கேரண்டி குடுப்பியா?"

நைனா யோசித்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். திருமலை பொய்யைத்தான் எதிர்பார்த்தார். அது ஒரு மரியாதை. காலையில் என் வாயைக் குறை சொன்ன வாய் திறந்தது.

"கேரண்டி இல்லண்ணா. இன்னிக்கி காலைல பஸ்ல ஒக்காந்துக்கினே தூங்கியிருக்கேன். நல்லாயி வந்தா சொல்றேன். இப்போ என்ன நம்பி ஆளுங்கள ஏத்தாத."

"சரி, நாளிக்கி நிதினு எடுக்கட்டும். நீ வந்தா ஸ்பேருக்கு வெச்சிக்கறேன். அதுவும் எப்பவாச்சும்தான்" என்றார் திருமலை. வைத்துவிட்டார்.

பன்னிரண்டு வருட வேலை முடிய ஒன்றரை நிமிடம் ஆனது. நைனா போனைச் சட்டைப் பையில் போட்டார். காக்கியின் இஸ்திரி மடிப்பெல்லாம் கட்டிலில் படுத்ததில் போயிருந்தது. எங்களுக்காக நிற்காமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். நாங்கள் மிஷின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். பட்டனை அழுத்தியவள், வாயைத் திறந்தவன் என்று இரண்டு குற்றவாளிகள். சுமையைப் பங்கு போட்டுக்கொள்வது நியாயமாகவே இருந்தது.

சாயங்காலக் கூட்டத்தில் நகரி பஸ்ஸில் இரண்டு சீட்தான் கிடைத்தது. நைனா எங்களை உட்காரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்னால் போய் கியர் பெட்டிப் பக்கத்தில் நின்றார். டிரைவருக்குக் காலையிலிருந்து வண்டி போலிருக்கிறது, ரேணிகுண்டா வருவதற்குள் மூன்று தடவை கொட்டாவி விட்டார். மூன்றாவது கொட்டாவிக்கு நைனா குனிந்து ஏதோ கேட்டார். எந்த டிப்போ, கிளட்ச் ஏன் இப்படி முனகுது, இன்ஜின் எப்போ பிரித்தது. டிரைவர் முதலில் எரிச்சலாக ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அவர் தலைக்கு மேலே, ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று தெலுங்கில் எழுதியிருந்தது. நைனாவுக்குத் தெலுங்கு நன்றாகப் படிக்க வரும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

அம்மாவின் தலை என் தோளில் விழுந்தது. என் தலை ஜன்னல் கம்பியில் விழுந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நகரியில் கண்டக்டர்தான் எங்கள் இருவரையும் தட்டி எழுப்பினார்.